திரும்பி வரத் தெரியுமா, ஸார்?

ஆபீஸ் முடிந்து கீரனூர் மொட்டை மாடியில் காற்று வாங்கும்போது, எங்கேயாவது விமானச் சத்தம் கேட்டால் போதும், கழுத்து தானாக மேலே போய்விடும். ஓட்டத்தான் கொடுத்து வைக்கவில்லை. படித்தது பி.காம்.!

எதிர்வீட்டுப் பையன் பைலட் பயிற்சியில் இருக்கிறான். லீவில் வந்தவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறுறது கஷ்டமா, இறங்குறது கஷ்டமா தம்பி?"

"ரெண்டும் இல்லண்ணே. திரும்புறதுதான் கஷ்டம்."

விஷயம் இதுதான். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு கூசாமல் பொய் சொல்லும். விமானம் சாய்ந்துகொண்டே போகும். நமக்கோ நேராகப் போவது போலவே இருக்கும். 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேர். வெளியே எதுவும் தெரியாதபடி கண்ணாடி மாட்டி ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி... மூன்று நிமிஷம்கூட இல்லை! பிறகு அதே ஆட்களுக்குக் கருவியைப் பார்த்து மெதுவாகத் திரும்பி வந்த வழியே வெளியேறக் கற்றுக் கொடுத்தார்கள். அநேகமாக எல்லா முறையும் தப்பித்தார்கள்.

மலைப் பக்கம் என்றால் இன்னும் சிக்கல். 2021 டிசம்பர் 8-ல் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, மேகத்துக்குள் போனதில் விமானிக்குத் திசை உணர்வு தப்பிவிட்டது என்றது முதற்கட்ட விசாரணை. அனுபவசாலிகளுக்கே இந்தக் கதி!

அதனால்தான் மாணவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறார்களாம். பள்ளத்தாக்கின் நடுவே போகாதே, ஓரமாகப் போ. அப்போதுதான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். மலை முகட்டை நேராகக் கடக்காதே, சாய்வாக அணுகு; காற்று கீழே அழுத்தினால் சட்டென்று விலகிவிடலாம். மேகம் தெரிந்தால், உள்ளே போவதற்கு முன்பே திரும்பு.

கேட்க சுலபம். ஆனால் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். மணிக்கு மணி காசு. போன மாசம் மேகத்தைப் பார்த்துப் பையன் பாதியில் திரும்பிவிட்டான். அவன் அப்பா என்னிடம் வந்து புலம்பினார்: "போன ஊருக்குப் போய்ச் சேரல, அதுக்கும் பில்லு! இதை எந்தக் கணக்குல தம்பி எழுதுறது?"

வரவில் எழுதச் சொன்னேன்.