மண்ணுக்குள் ஓடும் தண்ணீர்

சாலைக்கு அடியில் பெரிய குழாய் உடைந்தால் தண்ணீர் பீறிட்டு மேலே வந்துவிடும். ஆளுக்கு ஆள் போன் செய்து சொல்லிவிடுவார்கள். குடிநீர் வாரியங்களுக்குப் பெரிய தலைவலி சின்ன ஓட்டைகள்தான். மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே வடிந்துகொண்டிருக்கும், மேலே ஈரம்கூடத் தெரியாது. அவற்றைப் பெரும்பாலும் சத்தத்தை வைத்துத்தான் பிடிக்கிறார்கள்.

அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் சிறு துளை வழியே வெளியேறும்போது 'உஸ்' என்று ஒலி எழும். அது குழாய் வழியே இரண்டு பக்கமும் பரவும். டோக்கியோவில் ஊர் அடங்கிய பிறகு, ஊழியர்கள் ஒரு கம்பியை மீட்டர் மேலோ வால்வு மேலோ ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். பழைய முறைதான், இன்னும் வழக்கொழியவில்லை.

இதற்குப் பிறகு வந்த கருவிகளில் ஒன்று கோரிலேட்டர். கசிவின் ஒலி இரண்டு இடங்களுக்கு வந்துசேரும் நேர வித்தியாசத்தை அது அளக்கிறது. 100 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு வால்வுகளில் தலா ஒரு சென்சார் ஒட்டுகிறோம். முதல் சென்சாருக்குக் கசிவின் ஒலி 0.025 நொடி முந்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் குழாயில் ஒலி நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் போகும். ஆக, தூர வித்தியாசம் 30 மீட்டர். 100-லிருந்து 30-ஐக் கழித்துப் பாதியாக்கினால், கசிவு முதல் வால்விலிருந்து 35 மீட்டரில் இருக்கிறது, அங்கே தோண்டலாம்.

குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால்? வேகம் நொடிக்கு 400 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அதே 0.025 நொடிக்கு வித்தியாசம் 10 மீட்டர்தான். கசிவு 45-ஆவது மீட்டரில். கருவியின் திரையில் குழாய் வகையை 'இரும்பு' என்று தட்டிவிட்டவர் பத்து மீட்டர் தள்ளி நல்ல தார்ச்சாலையைப் பெயர்த்துக்கொண்டிருப்பார். எப்போதோ நடுவில் உடைந்த இரும்புக் குழாயில் பிளாஸ்டிக் துண்டு போட்டு ஒட்டியிருந்தால் இன்னும் குழப்பம். அந்த ஒட்டு வரைபடத்தில் ஏறியிருக்காது. போட்ட ஃபிட்டருக்குத்தான் தெரியும். அவர் ஓய்வுபெறும் முன் அவரோடு உட்கார்ந்து வரைபடத்தைத் திருத்துவதையும் நான் கசிவு தேடும் ஊழியர்களின் பயிற்சிக் கணக்கில்தான் சேர்ப்பேன். கருவி விற்கும் நிறுவனத்தின் ஒருநாள் வகுப்பில் இது வராது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் டோக்கியோ அனுப்பிய நீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கசிந்தது. இன்று அது 4 சதவீதம் அளவில் நிற்கிறது. வீட்டு இணைப்புகளின் ஈயக் குழாய்களை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டது இதற்கு முக்கியக் காரணம். ஆட்களைத் தயார்செய்ததும் சேர்ந்து உதவியது. டோக்கியோ குடிநீர் வாரியம் 2005-இல் திறந்த பயிற்சி மையத்தில் குழாய்களைப் புதைத்து வேண்டுமென்றே கசியவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் அங்கே தவறான இடத்தைக் காட்டினாலும் யார் வீட்டுக்கும் தண்ணீர் நிற்காது.

நம் ஊர்களில் சத்தத்தை வைத்துக் கசிவைப் பிடிக்க இன்னொரு தடை உண்டு. பல இடங்களில் குழாயில் தண்ணீர் வருவதே சில மணி நேரம்தான். அழுத்தம் இல்லாத குழாய் சத்தம் போடாது. வால்வு திறப்பவரிடம் நேரம் கேட்டு, தண்ணீர் விடும் நேரத்துக்குள் சென்சாரை வைத்தாக வேண்டும். அதே நேரத்தில் எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருப்பதால் அந்த இரைச்சலில் கசிவைப் பிரித்துக் கேட்பதும் கஷ்டம். அதனால் சோதனை நடக்கும் இரவில் மட்டுமாவது அந்தப் பகுதிக்குக் கூடுதலாகத் தண்ணீர் விட்டு, தொட்டிகள் நிறைந்து வீடுகள் அடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.