உங்களுக்குத் தெரியுமா? பாக்டீரியாவில் விளையும் மனிதப் புரதம்

நம் நோய் எதிர்ப்புப் படையின் டி செல்களை உடலுக்கு வெளியே நெடுநாள் வளர்ப்பது 1970-களின் நடுப்பகுதிவரை பெரும்பாடாக இருந்தது. 1976-இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராபர்ட் காலோவின் குழு, அவற்றைத் தொடர்ந்து பெருகவைக்கும் பொருளைக் கண்டறிந்தது. அதுதான் இன்டர்லூக்கின்-2.

1983-இல் ஜப்பானின் தனிகுச்சி குழு இதன் மரபணுவைப் பிரித்தெடுத்து வெளியிட்டது. அந்த மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், அது மனிதப் புரதத்தைத் தயாரித்துத் தருகிறது. 133 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இது. அதில் மூன்று, சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள். 58-ஆவது இடத்தில் உள்ளதும் 105-ஆவது இடத்தில் உள்ளதும் சரியாகக் கைகோத்தால்தான் புரதம் வேலை செய்யும். 125-ஆவது இடத்துச் சிஸ்டீன் தனியாள். தயாரிப்பின்போது தவறான துணையோடு சேர்ந்து புரதத்தையே முடக்கிவிடும். அந்த இடத்தில் செரின் என்னும் வேறோர் அமினோ அமிலத்தை வைத்தார்கள், சிக்கல் தீர்ந்தது, வீரியமும் குறையவில்லை. எவ்வளவு அழகான தீர்வு!

இந்தத் திருத்தம் பெற்ற வடிவம் 1992-இல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி பெற்றது. ஆய்வகங்களுக்கு இப்புரதம் உறைநிலையில் உலர்த்திய பொடியாக, மைக்ரோகிராம் கணக்கில் வருகிறது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அச்சிட்ட அந்தக் குப்பியில் உள்ளதை மனிதருக்குச் செலுத்தவே கூடாது. மருந்துக்குரிய பாதுகாப்புச் சோதனைகளை அது கடந்து வந்ததல்ல.