இறக்குமதிக் கூற்றும் வகுப்பின் மரபுரிமமும்

ஜாவா மொழியில் தாய் வகுப்பின் அணுகத்தக்க உறுப்புகள் சேய் வகுப்பைச் சென்றடைகின்றன. தாய் வகுப்புக் கோப்பின் தலைப்பில் எழுதப்பெற்ற இறக்குமதிக் கூற்றுகள் சென்றடைவதில்லை. மரபுரிமம் என்னும் கலைச்சொல் அனைத்தும் வழிவழி வரும் என்ற மயக்கத்தைத் தருதலின், கற்போர் இவ்விடத்து இடறுவது இயல்பே.

இறக்குமதி என்ற சொல்லும் பொருத்தமானதன்று, எப்பொருளும் கொணரப்படுவதில்லை. 'ஜாவா.யூட்டில்.லிஸ்ட்' என்னும் முழுப்பெயரை 'லிஸ்ட்' எனச் சுருக்கி வழங்க அக்கோப்பினுள் மட்டும் அக்கூற்று இசைவளிக்கிறது. தொகுப்பி முழுப்பெயரை அறிந்தபின் அதற்கு வேலையில்லை. எனவே தாய் வகுப்பு லிஸ்ட் வகை மாறியொன்றைப் பெற்றிருப்பின், வேறு கோப்பிலுள்ள சேய் வகுப்பு அம்மாறியின் 'சைஸ்' செயற்கூறினை இறக்குமதியின்றியே அழைக்கலாம். புதிய மாறியொன்றை லிஸ்ட் என அறிவிக்கும்போதே இறக்குமதி வேண்டப்படும். பொருளை ஆள்வதற்கன்று, பெயரை எழுதுவதற்கே அது தேவை. தாய் வகுப்பினுள் அமைந்த உள்வகுப்பின் பெயரோ, உறுப்பாதலின், வழிவரும்.

பைத்தானில் நிலை வேறு. அங்கு இறக்குமதி இயங்குநேரச் செயல். சேய் வகுப்பின் வரையறை இயங்கும் கணத்தில் தாய் வகுப்பு உருவாகியிருத்தல் வேண்டும். இரு கோப்புகள் ஒன்றையொன்று இறக்குமதி செய்யின், தாய் வகுப்பு உருவாகுமுன்னரே சேய் அதனைத் தேடிப் பிழை நேரக்கூடும். ஜாவாவில் அத்தகைய இரு கோப்புகள் இடரின்றித் தொகுக்கப்பெறும்.