தோற்றவரை விடாத ஏடு

பந்தயத்தில் தோற்றவர் பணம் தர மறுத்தால் ஜெயித்தவர் எங்கே போய் முறையிடுவது? நீதிமன்றத்தில் எடுபடாது. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 30-ஆம் பிரிவில் ஒரே போடாகப் போட்டுவிட்டது. குதிரைப் பந்தயத்தில் 500 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள பரிசுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இங்கிலாந்தின் 1845-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்படித்தான். 2007-இல்தான் அங்கே பந்தயக்காரர்களுக்கு நீதிமன்றக் கதவு திறந்தது. சட்டம் விலகி நின்ற இத்தனை காலமும் பந்தயத்தைக் காத்தது மானம். லண்டனின் ஒயிட்ஸ் கிளப்பில் 1743 முதல் ஒரு பந்தய ஏடு இருந்தது. யாருக்கு முதலில் கல்யாணம் ஆகும், யார் முதலில் கண்மூடுவார் என்றெல்லாம் கனவான்கள் அதில் எழுதிவைத்தார்கள். சக கனவான்கள் முன் தலைகுனிய நேருமே என்ற அச்சம்தான் அந்த ஏட்டுக்குக் காவல்.

மானமும் போதாதபோது மனிதர்கள் மந்திரத்தைக் கற்பனை செய்தார்கள். பந்தயத்தை எழுதிவிட்டால் போதும், தோற்றவர் எந்த மூலையில் ஒளிந்தாலும் சபிக்கப்பட்ட ஏடு வசூலித்துவிடும் என்று கதை சொன்னார்கள். இப்படி ஓர் ஏட்டைக் கணிதத்தைக்கொண்டே இன்று செய்துவிட்டார்கள். அது எப்படி இயங்குகிறது என்று பார்க்கும்போது வியப்பும் வருகிறது, கொஞ்சம் அச்சமும் வருகிறது.

பந்தயத்தின் முதல் சிக்கல் சொல் மாறுவது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பவரை என்ன செய்வது? இதற்கு விஞ்ஞானிகள் பழைய காலத்திலேயே வழி தேடியிருக்கிறார்கள். 1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் சனியைப் பார்த்தபோது அதன் இருபுறமும் துணைக்கோள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. அவை வளையங்கள் என்பது பின்னாளில்தான் புரிந்தது. கண்டதை உடனே வெளியிட அவருக்கு மனமில்லை, வேறொருவர் முந்திக்கொள்வதையும் பொறுக்க முடியாது. எனவே செய்தியை ஒரு லத்தீன் வாக்கியமாக எழுதி, அதன் 37 எழுத்துகளையும் கலைத்துப்போட்டு அனுப்பினார். அது வானியலாளர் கெப்ளரின் கைக்கு வந்தது. அவர் அதே எழுத்துகளை வேறு விதமாக அடுக்கி, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் உண்டு என்று படித்தார்! செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் இருப்பதும், அவை 1877-இல் கண்டுபிடிக்கப்பட்டதும் ஓர் அதிசயத் தற்செயல். ஆனால் என்னை ஈர்ப்பது அந்த முறையில் இருந்த ஓட்டை. அதே எழுத்துகளில் கெப்ளர் இன்னொரு வாக்கியத்தைக் கண்டாரென்றால், கலிலியோவும் நினைத்திருந்தால் பின்னால் பேச்சை மாற்றியிருக்கலாம்.

அந்த ஓட்டையை அடைத்தது ஹாஷ் என்னும் கணக்கு. இன்று பரவலாகப் பயன்படும் ஷா-256-ஐ அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2001-இல் வெளியிட்டது. ஒரு சொல்லைக் கொடுத்தாலும் சரி, முழுக் கம்பராமாயணத்தைக் கொடுத்தாலும் சரி, அது 256 இரும இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைத் தரும். மூலத்தில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துவிட்டாலும் அந்த இலக்கங்களில் ஏறத்தாழ பாதி மாறிவிடும். எண்ணிலிருந்து மூலத்துக்குத் திரும்பிச் செல்ல வழி தெரியாது. ஒரே எண்ணைத் தரும் இரு வேறு உரைகள் இருந்தே ஆகவேண்டும் என்று கணிதம் சொல்கிறது. ஆனால் சாத்தியமான எண்களின் தொகையே 78 இலக்கம் நீளம். அப்படிப்பட்ட ஜோடி ஒன்றை இதுவரை யாரும் கண்டதில்லை.

1981-இல் மானுவல் பிளம் என்ற கணினி அறிஞர் ஒரு புதிரைப் போட்டார். விவாகரத்தான இருவர் வேறு வேறு ஊர்களில் வசிக்கிறார்கள். கார் யாருக்கு என்பதைத் தொலைபேசியிலேயே நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். ஒருவர் சுண்டுவதை மற்றவர் பார்க்க முடியாது. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பவும் மாட்டார். பிளம் இதைப் பெரிய பகா எண்களைப் பெருக்கும் வித்தையால் தீர்த்தார். இன்று ஹாஷைக்கொண்டு செய்வது இன்னும் சுலபம். சுண்டுபவர் பூவா தலையா என்பதோடு ஒரு நீளமான ரகசிய எண்ணையும் சேர்த்து ஹாஷ் செய்து, கிடைத்ததை முதலில் சொல்லிவிடுகிறார். எதிராளி தன் ஊகத்தைச் சொன்ன பிறகு மூலத்தைக் காட்டுகிறார். காட்டியது முன்பு சொன்ன ஹாஷோடு பொருந்தாவிட்டால் பொய் அந்த நொடியே வெளிப்படும். நடுவர் யாரும் வேண்டியதில்லை.

பேச்சு மாறுவதைத் தடுத்தாயிற்று. தோற்றவர் பணத்தைத் தரவும் வேண்டுமே? நிக் சாபோ என்ற கணினி அறிஞர் 1990-களில் இதற்கு ஒரு பதில் சொன்னார்: ஒப்பந்தத்தையே நிரலாக எழுதிவிடலாம், அது தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும். 2015 ஜூலை 30 அன்று தொடங்கிய எத்தீரியம் என்ற பொது ஏடு அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. இருவரும் பணயத்தை முன்கூட்டியே நிரலிடம் கட்டிவிடுகிறார்கள். முடிவு வந்ததும் ஜெயித்தவருக்கு நிரலே கொடுத்துவிடும். தோற்றவர் மனம்மாறிப் பயனில்லை, பணம் அவர் கையில் இல்லை.

இந்த ஏட்டைக் காப்பவர் யார்? தனி ஒருவர் அல்லர். ஆயிரக்கணக்கான கணினிகளில் அதே ஏட்டின் பிரதிகள் உள்ளன. ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு கணக்கையும் தானே போட்டுச் சரிபார்க்கிறது. ஒவ்வொரு புதிய பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் ஹாஷ் எழுதப்பட்டிருப்பதால், பழைய வரி ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பிந்தைய எல்லாப் பக்கங்களும் காட்டிக்கொடுத்துவிடும். 2022 செப்டம்பர் முதல், பக்கங்களைச் சேர்ப்பவர்கள் எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32-ஐப் பிணையாகக் கட்டியிருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இரு பக்கங்களில் கையெழுத்திட்டு அகப்பட்டால் பிணையில் ஒரு பகுதி அழிக்கப்படும். முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்பாமலே ஓர் உண்மையில் உடன்படுகிறார்கள். மனித வரலாற்றில் இது மிக அரிய சாதனை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஏட்டுக்குக் கண் இல்லை. நாளை சென்னையில் மழை பெய்யுமா என்று பந்தயம் கட்டினால், மழை பெய்ததா என்பது ஏட்டுக்குத் தெரியாது. வானிலைத் தளத்தைப் போய்ப் பார்க்கவும் அதற்கு வழியில்லை. எல்லாப் பிரதிகளும் எப்போது கணக்கிட்டாலும் ஒரே விடை வரவேண்டும். வெளித்தளமோ நேரத்துக்கு ஒரு பதில் சொல்லக்கூடும். எனவே வெளியுலகச் செய்தியை யாராவது உள்ளே கொண்டுவந்து எழுத வேண்டும். அவர்களுக்கு ஆரக்கிள் என்று பெயர். உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி சூட் அணிவாரா என்று 2025-இல் ஒரு கணிப்புச் சந்தையில் பெரும் பந்தயம் நடந்தது. அவர் கறுப்பு மேல்கோட்டில் வந்தார். அது சூட்தானா என்பதைக் கணிதத்தால் சொல்ல முடியவில்லை. ஆரக்கிளாக இருந்தவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, அணியவில்லை என்று முடிவு செய்தார்கள், தகராறும் ஓயவில்லை.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. ஏடு எழுதியதைத்தான் நிறைவேற்றும், எழுத நினைத்ததை அல்ல. மகாபாரதச் சூதாட்டத்தில் தருமன் முதலில் தன்னை வைத்துத் தோற்றான், அதன் பிறகு பாஞ்சாலியை வைத்தான். தன்னையே இழந்தவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று அவள் சபையில் கேட்டாள். எது முதலில், எது பிறகு என்ற வரிசையைப் பற்றிய கேள்வி அது. 2016-இல் எத்தீரியத்தைக் கவிழ்க்கப் பார்த்ததும் வரிசைதான். 'தி டாவ்' என்ற பொதுநிதி நிரலில் சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் சேர்ந்திருந்தது. அது கேட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் கணக்கில் கழித்தது. வங்கிக் காசாளர் பாஸ்புக்கில் பற்று எழுதுமுன்பே பணத்தை நீட்ட, வாங்கிய கையோடு அதே ஆள் மறுபடி மறுபடி கேட்பதுபோல ஜூன் 17 அன்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சுமார் 36 லட்சம் ஈத்தர் வெளியேறியது.

அந்தப் பணத்தைச் சில வாரங்களுக்கு எடுக்க முடியாது என்று நிரலிலேயே ஒரு விதி இருந்ததால் யோசிக்க அவகாசம் கிடைத்தது. எழுதியபடிதான் நடந்திருக்கிறது, எனவே அது செல்லும் என்றது ஒரு தரப்பு. திருட்டு திருட்டுதான் என்றது மற்றது. ஜூலை 20 அன்று பெரும்பாலோர் ஏட்டின் பாதையை மாற்றிப் பணத்தை உரியவர்களிடம் திருப்ப வழிசெய்தார்கள். மறுத்தவர்கள் பழைய ஏட்டையே தொடர்ந்தார்கள்; அது எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. ஆனால் 2017 நவம்பரில் பலர் பகிர்ந்த ஒரு நிரலை யாரோ அழித்துவிட, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈத்தர் முடங்கியது. அதை மீட்க வந்த யோசனை ஏற்கப்படவில்லை.

1872-இல் சட்டம் எழுதியவர்கள் பந்தயத்தைச் செல்லாததாக்கியதன் அருமை எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. சூதில் வீட்டை இழந்தவனுக்கு அது கடைசிப் புகலிடம். நிரலில் அந்தப் புகலிடம் இல்லை. அதனால் இன்று பல நிரல்களை எழுதும்போதே ஒரு நிறுத்தப் பொத்தானையும், மாற்றங்கள் உடனே நடப்புக்கு வராதபடி ஒரு காத்திருப்புக் காலத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். பொத்தானின் சாவியைப் பலருக்குப் பங்கிட்டு, ஒன்பது பேரில் ஐந்து பேர் கையெழுத்திட்டால்தான் அது இயங்கும் என்பதுபோல ஏற்பாடு செய்கிறார்கள். யாரையும் நம்பத் தேவையில்லை என்று தொடங்கிய ஏட்டில் பணம் கட்டுபவர், அந்த ஒன்பது பேர் யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.