கனடாவில் ஈ.டி.எஃப் வாங்கப்போறீங்களா? பெயரை விடுங்க, உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க!

ஜனவரி பிறந்துவிட்டால் கனடாவில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒன்று, பனி. இன்னொன்று, ''ஆர்.ஆர்.எஸ்.பி போட்டாச்சா?'' என்று வங்கியிலிருந்து வரும் அழைப்பு. போய் உட்கார்ந்தால் அந்த வங்கியின் மியூச்சுவல் ஃபண்டு ஒன்றை நீட்டுவார்கள். வீட்டுக்கு வந்தால் வாட்ஸ்அப்பில் மச்சான், ''அதெல்லாம் எதுக்கு? இந்த ஈ.டி.எஃப் வாங்கு, மாசாமாசம் காசு வரும்'' என்று நாலு எழுத்துப் பெயர் ஒன்றை அனுப்பியிருப்பார். டொரன்டோ சந்தையில் இப்படிப்பட்ட ஈ.டி.எஃப்-கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஓவர்டைம் பார்த்து, சீட்டுக் கட்டி, அடமானக் கடனுக்குப் போக மிச்சம் பிடித்த காசு உங்களுடையது. அதை எதில் போடுவது?

ஈ.டி.எஃப் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பல நிறுவனங்களின் பங்குகளை ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடையை யூனிட் யூனிட்டாகப் பங்குச்சந்தையில் விற்கிறார்கள். ஒரு யூனிட் வாங்கினால் கூடையில் உள்ள எல்லாவற்றிலும் உங்களுக்குத் துளித்துளியாகப் பங்கு. சொல்லப்போனால் இது கனடாவின் சரக்கு. 1990-ல் டொரன்டோ பங்குச்சந்தையில் 'டிப்ஸ்' என்ற பெயரில் வந்ததுதான் உலகில் முதன்முதலில் வெற்றிகரமாக நடந்த ஈ.டி.எஃப். அமெரிக்காவில் புகழ்பெற்ற 'ஸ்பை' வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது கட்டணம். ஒவ்வொரு ஃபண்டும் வருடாவருடம் உங்கள் முதலீட்டிலிருந்து ஒரு சதவிகிதத்தை எடுத்துக்கொள்ளும். இதை எம்.இ.ஆர் என்கிறார்கள். இதற்குத் தனியாக பில் வராது, கணக்கிலிருந்து கழிப்பதும் தெரியாது, சத்தமே இல்லாமல் போய்விடும். கனடாவின் வங்கி மியூச்சுவல் ஃபண்டுகளில் இது 2 சதவிகிதத்தை ஒட்டி இருப்பது சகஜம். காப்பீட்டு ஏஜென்ட்டுகள் விற்கும் செக்ரிகேட்டட் ஃபண்டுகளில் இன்னும் கூடுதல். டொரன்டோ சந்தை முழுவதையும் வாங்கும் எக்ஸ்.ஐ.சி, இசட்.சி.என் போன்ற ஈ.டி.எஃப்-களிலோ 0.06 சதவிகிதம்தான்.

''ரெண்டு சதவிகிதம்தானே... போனா போகட்டும்'' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 டாலரை 25 வருடம் விட்டுவைக்கிறீர்கள், சந்தை வருடத்துக்கு 6 சதவிகிதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 0.2 சதவிகிதம் என்றால் கடைசியில் சுமார் 2 லட்சத்து 4 ஆயிரம் டாலர் கையில் இருக்கும். அதே கட்டணம் 2.2 சதவிகிதம் என்றால் 1 லட்சத்து 27 ஆயிரம்தான். வித்தியாசம் 77 ஆயிரம் டாலர்! பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவே அதில் அடங்கிவிடும். ஏஜென்ட் உங்கள் ஊர்க்காரராக, பழகுவதற்கு ரொம்ப நல்லவராக இருக்கலாம். அது வேறு, இந்தக் கணக்கு வேறு.

ஆனால், 0.06-க்கும் 0.09-க்கும் இடையில் எது மலிவு என்று ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டு தேட வேண்டாம். 10,000 டாலருக்கு வருடம் 3 டாலர்தான் வித்தியாசம், ஒரு காபிக் காசு. அங்கே கவனிக்க வேண்டியது கூடைக்குள் என்ன இருக்கிறது என்பதை.

நார்டெல் சொல்லித்தந்த பாடம்

'கனடாவுல இருக்கோம், கனடா கம்பெனிகளை வாங்குவோம்' என்று நினைப்பது இயல்பு. 2000-ம் ஆண்டில் டொரன்டோ குறியீட்டை வாங்கியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 300 கம்பெனிகள் கொண்ட குறியீடு அது. பரவலான முதலீடு என்றுதானே தோன்றும்? அந்தக் குறியீட்டின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நார்டெல் என்ற ஒரே ஒரு கம்பெனி. 124 டாலரைத் தொட்ட அந்தப் பங்கு இரண்டே வருடத்தில் ஒரு டாலருக்கும் கீழே போனது. 2009 ஜனவரியில் நார்டெல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 'பரவலா போட்டிருக்கோம்' என்று நம்பியவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பும் கூடவே கரைந்தது.

இன்று அந்த அளவுக்கு ஒரே கம்பெனி ஆதிக்கம் இல்லை. ஆனாலும் டொரன்டோ குறியீட்டைத் திறந்து பாருங்கள். வங்கிகள், எண்ணெய், சுரங்கம் இந்த மூன்றும்தான் பெரும்பகுதி. மருத்துவத் துறை பெயருக்குத்தான் இருக்கும். உலகப் பங்குச்சந்தைகளின் மொத்த மதிப்பில் கனடாவின் பங்கு சுமார் 3 சதவிகிதம்தான். உங்கள் வேலை கனடாவில், வீடு கனடாவில், நாளை வரப்போகும் சி.பி.பி ஓய்வூதியமும் கனடாவில். சேமிப்பையும் முழுக்க இங்கேயே கொட்டினால், இந்த நாட்டின் பொருளாதாரம் தும்மும்போது உங்களுக்கு எல்லாப் பக்கமும் ஜலதோஷம் பிடிக்கும்.

இதற்கு ஒரு சுலபமான வழி 2018-ல் வந்தது. கனடா, அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா எல்லாவற்றையும் ஒரே யூனிட்டில் அடக்கிய 'ஆல் இன் ஒன்' ஈ.டி.எஃப்-களை வேன்கார்ட் கொண்டுவந்தது. ஐ-ஷேர்ஸ், பி.எம்.ஓ போன்றவையும் பின்னாலேயே வந்தன. எந்தப் பகுதி ஏறினாலும் இறங்கினாலும் விகிதத்தை அவர்களே சரிசெய்துவிடுவார்கள். கட்டணம் கால் சதவிகிதத்துக்குள். பெயரில் 'க்யூ.டி' என்று முடியும் வி.இ.க்யூ.டி, எக்ஸ்.இ.க்யூ.டி போன்றவை முழுக்கப் பங்குகள். 'ஜி.ஆர்.ஓ' என்றால் 80 சதவிகிதம் பங்கு, 20 சதவிகிதம் கடன் பத்திரம். 'பி.ஏ.எல்' என்றால் 60-க்கு 40. முதன்முதலில் வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு இதில் ஒன்றே போதும் என்பேன். ஐந்தாறு ஈ.டி.எஃப் வாங்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் நாலு இடத்தில் திரும்பத் திரும்ப இருக்கும். பெயர்தான் வேறு, சாப்பாடு ஒன்றுதான்.

சரி, இந்த மூன்றில் எது? இங்கேதான் உங்களிடம் நீங்களே உண்மை பேச வேண்டும். 2020 பிப்ரவரி 20-லிருந்து மார்ச் 23 வரை, சுமார் ஒரு மாதத்தில் டொரன்டோ குறியீடு 37 சதவிகிதம் சரிந்தது. உங்கள் 1 லட்சம் 63 ஆயிரமாகத் தெரிந்திருக்கும். அதுவும் எப்படிப்பட்ட மாதம்! வேலை போகுமா, பள்ளி திறக்குமா, ஊரில் அப்பா அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று எதுவுமே தெரியாத மாதம். அன்று பயந்து விற்றவர்களுக்கு நஷ்டம் நிஜமானது. சும்மா இருந்தவர்களுக்கு அடுத்த ஜனவரிக்குள் பழைய அளவு திரும்பிவிட்டது. அப்படியொரு நாளில் கைபேசியை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போக முடியும் என்றால் முழுப் பங்கு ஈ.டி.எஃப் உங்களுக்கானது. முடியாது என்றால் 60-க்கு 40 எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதே சமயம், கடன் பத்திரம் இறங்கவே இறங்காது என்றும் நம்பிவிடாதீர்கள். வட்டி விகிதம் மளமளவென்று ஏறிய 2022-ல் கனடியக் கடன் பத்திரக் குறியீடும் 11 சதவிகிதத்துக்கு மேல் விழுந்தது.

மூன்று வருடத்தில் வீடு வாங்க முன்பணம் சேர்க்கிறீர்களா? அந்தக் காசுக்குப் பங்கு ஈ.டி.எஃப் வேண்டவே வேண்டாம். ஜி.ஐ.சி-யில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

மாசாமாசம் காசு வருதே!

இப்போது மச்சான் அனுப்பிய அந்த ஈ.டி.எஃப்-க்கு வருவோம். பெரும்பாலும் அது 'கவர்டு கால்' வகையாக இருக்கும். வருடத்துக்கு 7 சதவிகிதம், 10 சதவிகிதம் என்று மாதாமாதம் பணம் வரும். எங்கிருந்து வருகிறது? ஃபண்டு தன்னிடம் உள்ள பங்குகளின் விலை ஏறினால், ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேலான லாபம் இன்னொருவருக்கு என்று இப்போதே எழுதிக் கொடுத்து, அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்கிறது. மாந்தோப்பில் நல்ல விளைச்சல் வந்தால் அதிகப்படிக் காய் உனக்கு என்று வியாபாரியிடம் முன்கூட்டியே காசு வாங்குவது மாதிரி. விளைச்சல் பொய்த்தால் நஷ்டம் முழுக்க உங்களுக்கு. அமோகமாக விளைந்தால் லாபம் அவருக்கு. சில சமயம் மாதாமாதம் வரும் தொகையில் ஒரு பகுதி, உங்கள் சொந்த முதலே திரும்பி வருவதாகவும் இருக்கும். கட்டணமும் சாதாரண குறியீட்டு ஈ.டி.எஃப்-ஐவிடப் பல மடங்கு. ஓய்வுபெற்று மாதச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பவர் விவரம் தெரிந்து வாங்கினால் சரி. 35 வயதில், வேலையில் இருக்கும் ஒருவருக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

'இரண்டு மடங்கு லாபம்' என்று வரும் ஈ.டி.எஃப்-கள் இன்னும் ஆபத்து. அந்த இரண்டு மடங்கு ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக. குறியீடு 100-லிருந்து 90-க்கு இறங்கி, மறுநாள் 100-க்கே திரும்பினால் உங்களுடையது 80-க்கு இறங்கி 98-க்குக்கூட வராது. ஏறி இறங்க, ஏறி இறங்கக் கரைந்துகொண்டே போகும்.

அமெரிக்க எஸ் அண்ட் பி 500 ஈ.டி.எஃப் வாங்கும்போது 'ஹெட்ஜ்டு' என்ற சொல் குழப்பும். நாணய மாற்றத்தின் ஏற்ற இறக்கத்தைத் தடுத்துவைத்த வகை அது. வி.எஸ்.பி ஹெட்ஜ் செய்தது, வி.எஃப்.வி செய்யாதது. கூடைக்குள் இருப்பது அதே 500 கம்பெனிகள்தான். நீண்ட காலத்துக்கு ஹெட்ஜ் செய்யாததே நல்லது என்பது என் கட்சி. காரணம், உலகமே பயப்படும்போது பொதுவாகக் கனடிய டாலர் இறங்கும், அமெரிக்க டாலர் ஏறும். 2008-ல் அமெரிக்கச் சந்தை அவர்கள் டாலரில் 37 சதவிகிதம் விழுந்தது. கனடிய டாலரில் கணக்குப் பார்த்தவருக்கு அடி 20 சதவிகிதத்துக்குச் சற்று மேல்தான். அந்த மெத்தையை எதற்குக் காசு கொடுத்துக் கழற்ற வேண்டும்?

எந்தக் கணக்கில் வாங்குவது?

ஒரே ஈ.டி.எஃப் வேறு வேறு கணக்கில் வேறு வேறு பலன் தரும். பெரும்பாலானவர்களுக்கு முதல் வாசல் டி.எஃப்.எஸ்.ஏ. உள்ளே வளர்வதற்கும் வரி இல்லை, எடுக்கும்போதும் வரி இல்லை. ஆனால், புதிதாக வந்தவர்கள் ஒரு விஷயத்தில் உஷார். ''மொத்தம் 1,09,000 டாலர் வரை போடலாமாம்'' என்று யாராவது சொல்வார்கள். அது 2009-லிருந்து 2026 வரை இங்கேயே வசித்து, 2009-லேயே 18 வயது நிரம்பியவர்களுக்கான தொகை. நீங்கள் 2022-ல் கனடா வந்தவர் என்றால் உங்கள் கணக்கு அந்த வருடத்திலிருந்துதான் தொடங்கும். 2026 வரை சேர்த்தால் 33,500 டாலர். அதற்கு மேல் போட்டால் கூடுதல் தொகைக்கு மாதம் 1 சதவிகிதம் அபராதம்.

வருமானம் அதிகம், வரி அதிகம் என்றால் ஆர்.ஆர்.எஸ்.பி. முதல் வீடு என்றால் எஃப்.ஹெச்.எஸ்.ஏ, வருடம் 8,000 டாலர். குழந்தை இருந்தால் ஆர்.இ.எஸ்.பி-யை மறக்காதீர்கள். வருடம் 2,500 டாலர் போட்டால் அரசு 500 டாலர் தரும். எந்த ஈ.டி.எஃப்-ஆலும் முதல் நாளே 20 சதவிகிதம் தர முடியாது.

அமெரிக்கப் பங்குகளின் டிவிடெண்டில் 15 சதவிகிதத்தை அமெரிக்க அரசு பிடித்துக்கொள்ளும். டி.எஃப்.எஸ்.ஏ-வில் அது திரும்பி வராது. நியூயார்க்கில் பட்டியலான அமெரிக்க ஈ.டி.எஃப்-ஐ ஆர்.ஆர்.எஸ்.பி-யில் வைத்தால் மட்டும் விலக்கு உண்டு. அதைக் கேட்டு உடனே அமெரிக்க டாலருக்கு ஓடாதீர்கள். பிடித்தம் 10,000 டாலருக்கு வருடம் 20 டாலர் அளவில்தான் இருக்கும். புரோக்கர் நாணய மாற்றத்துக்கு 1.5 சதவிகிதம் எடுத்தாலே போகும்போதே 150 டாலர் காலி. பெரிய தொகை சேரும்வரை டொரன்டோவில் பட்டியலானதே போதும்.

வாங்கும் நாளில் ஒரு சின்ன ஒழுங்கு. கிழக்கு நேரம் காலை 9:30-க்குச் சந்தை திறக்கும். முதல் பத்து இருபது நிமிடம் விலை குதிக்கும், அதை விட்டுவிடுங்கள். 'மார்க்கெட் ஆர்டர்' போடாமல் 'லிமிட் ஆர்டர்' போட்டு, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்குவதற்கு முன் 'ஈ.டி.எஃப் ஃபேக்ட்ஸ்' என்ற சில பக்கத் தாளைப் படியுங்கள். கட்டணம், முதல் பத்துப் பங்குகள், மிக மோசமான மூன்று மாதத்தில் எவ்வளவு விழுந்தது, எல்லாம் அதில் இருக்கும்.

ஏற்கெனவே வங்கி ஃபண்டில் பணம் இருக்கிறதா? அதை எடுத்துக்கொண்டு வந்து புதுக் கணக்கில் போடாதீர்கள். டி.எஃப்.எஸ்.ஏ-விலிருந்து எடுத்தால் அந்த இடம் அடுத்த ஜனவரியில்தான் திரும்பக் கிடைக்கும். ஆர்.ஆர்.எஸ்.பி-யிலிருந்து 15,000 டாலருக்கு மேல் எடுத்தால் அங்கேயே 30 சதவிகிதம் வரி பிடிப்பார்கள். புது புரோக்கரிடம் 'டிரான்ஸ்ஃபர் ஃபார்ம்' கேளுங்கள். கணக்கு விட்டுக் கணக்கு அவர்களே மாற்றுவார்கள். பழைய ஃபண்டில் வெளியேறும் கட்டணம் ஏதும் மிச்சமிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். 2022 ஜூனில் அந்த வகை விற்பனைக்குத் தடை வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன் வாங்கியதற்கு இன்னும் இருக்கலாம். வங்கி டிரான்ஸ்ஃபருக்கென்று ஒரு தொகை கேட்கும். புது புரோக்கர்களில் பலர் அதைத் திருப்பித் தருவார்கள், ஆனால் நீங்கள் வாய் திறந்து கேட்டால்தான்.