அமீன் கரைப்பான் மூலம் கார்பன் டை ஆக்சைடு பிரித்தல்

அமீன் கரைப்பான் மூலம் கார்பன் டை ஆக்சைடு பிரித்தல் என்பது அனல் மின் நிலையப் புகைவாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வேதிக் கரைசலில் உறிஞ்சி, பின்னர் அதைத் தனியே மீட்டெடுக்கும் முறையாகும். வாயுக்களைத் தூய்மைப்படுத்த அமீனைப் பயன்படுத்தும் முறைக்கு 1930ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ராபர்ட் பாட்டம்ஸ் காப்புரிமை பெற்றார்.

தேவை

நிலக்கரிப் புகைவாயுவில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு மட்டுமே உள்ளது, பெரும்பகுதி நைட்ரஜன். புகை முழுவதையும் அழுத்தி நிலத்தடியில் செலுத்துவது வீண் செலவு. எனவே கார்பன் டை ஆக்சைடை முதலில் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது.

செயல்முறை

கார்பன் டை ஆக்சைடு அமிலத்தன்மை உடையது. அமீன் காரத்தன்மை உடையது. ஆகவே இவை எளிதில் வினைபுரிகின்றன. மோனோ எத்தனால் அமீன் நெடுங்காலமாகப் பயன்படும் கரைப்பான். இது பொதுவாக 30 விழுக்காடு அளவில் நீருடன் கலக்கப்படுகிறது.

குளிர்விக்கப்பட்ட புகைவாயு, உறிஞ்சு கோபுரத்தின் அடியிலிருந்து மேலே செல்கிறது. கரைசல் மேலிருந்து கீழே வழிகிறது. சுமார் 40 முதல் 60 பாகை செல்சியசில் கார்பன் டை ஆக்சைடு அமீனுடன் பிணைகிறது. பின்னர் இக்கரைசல் இரண்டாவது கோபுரத்துக்கு அனுப்பப்பட்டு, சுமார் 120 பாகை வரை சூடேற்றப்படுகிறது. பிணைப்பு முறிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கரைசல் குளிர்விக்கப்பட்டு மீண்டும் முதல் கோபுரத்துக்குத் திரும்புகிறது.

ஆற்றல் செலவு

இம்முறையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது எளிது, விடுவிப்பதே கடினம். பிணைப்பை முறிக்க மட்டுமன்றி, கரைசலிலுள்ள நீரைச் சூடாக்கவும், அதில் ஒரு பகுதியை ஆவியாக்கவும் வெப்பம் தேவை. மோனோ எத்தனால் அமீனைப் பயன்படுத்தும்போது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சுமார் 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் செலவாகும். இதற்கான நீராவி, சுழலியை இயக்க வேண்டிய நீராவியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதனால் மின் உற்பத்தி குறைகிறது. அதே அளவு மின்சாரம் பெறக் கூடுதல் எரிபொருள் வேண்டும். பிணைப்பு வலிமை குறைந்த கரைப்பான்கள் வெப்பத்தை மிச்சப்படுத்தினாலும், பொதுவாக மெதுவாகவே உறிஞ்சுகின்றன.

கரைப்பான் சிதைவு

புகையிலுள்ள ஆக்சிசன் அமீனைச் சிதைக்கிறது. சல்பர் டை ஆக்சைடு அமீனுடன் சேர்ந்து, சூடாக்கினாலும் பிரியாத உப்புகளை உண்டாக்குகிறது. எனவே புகையிலிருந்து கந்தகத்தை முன்கூட்டியே நீக்குவது அவசியம்.

பயன்பாடு

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்திலுள்ள பவுண்டரி டேம் நிலையத்தின் 3ஆம் அலகில் 2014இல் இம்முறை தொடங்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் பிடிக்க இது வடிவமைக்கப்பட்டது. அமெரிக்காவின் டெக்சாசிலுள்ள பெட்ரா நோவா திட்டம் 2017இல் செயல்பாட்டுக்கு வந்தது. இதில் பிடிக்கப்பட்ட வாயு, எண்ணெய்க் கிணறுகளில் செலுத்தப்பட்டுக் கூடுதல் எண்ணெய் எடுக்க உதவியது. 2020இல் எண்ணெய் விலை சரிந்தபோது நிறுத்தப்பட்ட இத்திட்டம், 2023இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

தூத்துக்குடியில் ஒரு வேதித் தொழிற்சாலையின் நிலக்கரிக் கொதிகலனில் 2016இல் கரைப்பான் முறை நிறுவப்பட்டது. அங்கு பிடிக்கப்பட்ட கார்பன் டை ஆக்சைடு, சோடா சாம்பல் தயாரிக்க மூலப்பொருளானது.

பிடித்த வாயுவை வாங்குவோர் இல்லாத இடங்களில், இம்முறைக்கான செலவு மின்சாரத்தின் விலையிலோ அரசின் உதவித்தொகையிலோ சேர்கிறது. ஆகையால் விடுவிக்கும் வெப்பத்தைக் குறைப்பதே இத்துறை ஆய்வுகளின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக உள்ளது.