பூவரசா, முள்முருக்கா?

எழுவைதீவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் கொழும்பில் இருந்துவிட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பி, வளவைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிறாராம். முற்றத்தில் நிழலுக்கும் அழகுக்குமாக ஒரு பூமரம் வைக்க ஆசை. காசு கொடுத்து வாங்கிவந்த இரண்டு வெளிநாட்டுக் கன்றுகள் முதல் சோளகக் காற்றிலேயே கருகிவிட்டன. "வேலியில் பூவரசும் முள்முருக்கும்தான் நிற்கின்றன. வேலி மரத்தை முற்றத்தில் வைக்கலாமா?" என்று கேட்கிறார்.

தாராளமாக வைக்கலாம். எதை எங்கே வைப்பது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டையும் தீவகத்தாருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நமக்கு இவற்றைக் கதியாலாகத்தான் தெரியும். மாரி தொடங்க நட்டு, தழைத்ததும் கொப்பு வெட்டி, குழையை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் கொடுத்து, மொட்டையாக்கிய தடியில் கிடுகைக் கட்டுவோம். அடுத்த ஆண்டும் அதே வெட்டு. கிளை முற்றினால்தானே பூக்கும்?

இதை நான் படித்து அறியவில்லை, கண்ணால் கண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலணையை விட்டு இடம்பெயர்ந்தோம். நெடுங்காலம் கழித்துத் திரும்பிப் போனபோது வீட்டின் கூரையும் இல்லை, படலையும் இல்லை. அம்மா நட்ட வேலி மட்டும் நின்றது. அதையும் வேலி என்று சொல்ல முடியாது. வெட்ட ஆளில்லாமல் கதியால்கள் எல்லாம் வரிசையாக மரமாகியிருந்தன. கிழக்குப் பக்கம் முழுவதும் பூவரசு. காலை வெயிலில் மஞ்சள் பூக்கள், அவற்றுக்கிடையே முந்தின நாளின் வாடிய சிவப்புப் பூக்கள். என் சிறுவயது முழுவதும் அந்த வேலி ஓரமாகத்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். அப்படி அது பூத்து நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்தப் பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். காலையில் விரியும்போது வெளிர் மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. வெயில் ஏற ஏற மஞ்சள் மெல்லச் செம்மை கலக்கிறது. பொழுது சாயும்போது இதழ் சுருங்கி ஊதாச் சிவப்பாகி, உடனே உதிராமல் கொப்பிலேயே தொங்குகிறது. ஒரு பூவின் வாழ்வு ஒரே பகல். ஆனால் நேற்றையதும் இன்றையதும் ஒன்றாக நிற்பதால் மரத்தில் இரண்டு நிறப் பூக்கள் பூத்ததுபோலத் தோன்றும். இதழில் அந்தோசயனின் என்ற நிறமி ஊறுவதால் வரும் மாற்றம் இது. பருத்திப் பூவும் இப்படித்தான் நிறம் மாறும். பூவரசும் பருத்தியும் ஒரே குடும்பம். பருத்திக்கொட்டையில் உள்ள கோசிப்போல் என்ற பொருள் பூவரசிலும் இருக்கிறது.

இலையைத் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பின் அடியில் சிறிய தேன்சுரப்பி தெரியும். எறும்புகள் பூ இல்லாத காலத்திலும் இந்த மரத்தில் ஏறி இறங்குவது அதற்காகத்தான். அந்த இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய காலத்தில் எனக்கு இது தெரியாது.

அரச இலையைப் போன்ற இலையோடு பூவும் பூப்பதால் பூவரசு. இந்தத் தமிழ்ப் பெயரே தேய்ந்து ஆங்கிலத்தில் 'போர்ஷியா' ஆயிற்று. இதன் விதை கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்து, கரை ஒதுங்கியும் முளைக்கக்கூடியது. அதனால் இந்து சமுத்திரத்திலிருந்து பசிபிக் வரை கரையோரமெல்லாம் இதைக் காணலாம். 1769-இல் குக் மாலுமியின் கப்பலில் தாகித்தித் தீவுக்குப் போன தாவரவியலாளர் சோலாண்டர், அங்கே இது கோயிலடியில் நிற்கும் புனித மரமாக இருப்பதைக் கண்டார். தெய்வீகமானது என்று பொருள்படும் 'தெஸ்பீசியா' என்ற கிரேக்கப் பெயர் அவர் இட்டதுதான்.

நம் நாட்டு அரசியலிலும் இந்தப் பூவுக்கு இடமுண்டு. சிங்களத்தில் இதன் பெயர் சூரிய மல். முதலாம் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11-இல் பிரித்தானியர் விற்ற பொப்பிப் பூவுக்கு எதிராக, 1930-களில் இலங்கை இளைஞர்கள் பூவரசம்பூவை விற்றார்கள். 1933-இல் அந்த இயக்கத்துக்குத் தலைவியானவர் இங்கிலாந்தில் பிறந்த டொரீன் யங். அடுத்துவந்த பெரும் மலேரியாக் கொள்ளைநோயில் ஊர் ஊராக மருந்தும் உணவும் கொண்டுபோனவர்களில் பலர் இந்தச் சூரிய மல் தொண்டர்கள். அவர்களிடையிலிருந்துதான் 1935-இல் லங்கா சமசமாஜக் கட்சி எழுந்தது. பேரரசின் பூவுக்கு எதிரே நிறுத்த ஒரு பூ தேவைப்பட்டபோது, அவர்கள் கை நீட்டியது நாம் கிடுகு கட்டும் இந்த மரத்தை நோக்கித்தான்.

முள்முருக்கின் அழகு வேறு வகை. தை மாசியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறுங்கொப்பின் நுனியில் குங்குமச் சிவப்பாகப் பூங்கொத்து நீட்டும். அப்போது மைனாவும் காகமும் தேன்சிட்டும் அதைவிட்டு நகரா. அவரை இனம் என்பதால் வேரில் உள்ள பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கித் தரும். நம் கலியாண வீடுகளில் பொன்னுருக்கலன்று கன்னிக்காலாக ஊன்றுவதும் இதைத்தான். ஊன்றிய தடி வேர்விட்டுத் தழைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இப்போது மண்டபத்தில் பூச்சட்டியில் நட்டு, மறுநாள் குப்பையோடு குப்பையாகப் போட்டுவிடுகிறோம். எனக்கு அது மனம் பொறுக்காத காரியம்.

முள்முருக்குக்கு ஓர் எதிரி உண்டு. ஒன்றரை மில்லிமீற்றர் அளவே உள்ள ஒரு குளவி. 2004-இல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள். மறு ஆண்டே ஹவாயை எட்டி அங்குள்ள முருக்க மரங்களை அழித்தது. கேரளத்தில் மிளகுக்கொடி படர்ந்த முருக்குகளையும் கெடுத்தது. குருத்திலும் இலைக்காம்பிலும் முட்டையிட, அந்த இடம் புடைத்து முறுக்கிக்கொள்ளும். குருத்து முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அந்தக் கொப்பை உடனே வெட்டி எரித்துவிடுங்கள்.

இனி உங்கள் வளவுக்கு வருகிறேன். இரண்டும் கடற்கரை மரங்கள்தான், உப்புக்காற்று இரண்டுக்கும் பழக்கம். ஆனால் முள்முருக்கின் தடி மென்மையானது, பலத்த சோளகத்தில் பெருங்கொப்பு முறியும். உயரமாகவும் வளரும், முள்ளும் உண்டு. வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில் நிழலும் தராது. அதை வீட்டுக்கு எட்டத்தில், வளவின் மூலையில் வையுங்கள். முற்றத்துக்குப் பூவரசுதான் என் தெரிவு. ஆண்டு முழுக்கப் பச்சை, இறுகிய வைரம், அடர்ந்த நிழல். கிணற்றடியில் மட்டும் வேண்டாம், இலையும் பூவும் நாள்தோறும் தண்ணீரில் விழும்.

இரண்டையும் கதியாலிலிருந்தே ஆக்கலாம். மணிக்கட்டுப் பருமனான முற்றிய தடியாக, ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டுங்கள். முருக்கந்தடியைச் சில நாள் நிழலில் நிமிர்த்திவைத்து வெட்டுவாய் காய்ந்தபின் நட்டால் அழுகாது. மேல்நுனியில் சாணி உருண்டை அப்பிவிடுங்கள். நேரான நடுமரம் வேண்டுமென்றால் பூவரசை விதையில் போடுவது நல்லது. விதையின் ஓட்டை லேசாகக் கீறிவிட்டு ஊன்றினால் விரைவில் முளைக்கும். உங்கள் மண்ணில் சற்றுத் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். குழியை ஆழமாக்குவதைவிட அகலமாக்கி, குழையும் எருவும் இட்டு மூடுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு மரம் தன்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். ஆடு எட்டாத உயரம் வரும்வரை பனைமட்டையால் சுற்றிக் கட்டுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய வேலி இன்னும் நிற்கிறது என்கிறீர்கள். அதை இடித்து மதில் கட்டும் எண்ணம் இருந்தால், மேசனை அழைக்குமுன் வேலியை ஒருமுறை சுற்றி வாருங்கள். முற்றத்தை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் பூவரசங்கதியால் ஒன்றில் துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். மதிலை அந்த இடத்தில் இரண்டு முழம் விலக்கிக் கட்டச் சொல்லுங்கள். கொப்பு வெட்ட வருபவரிடம், துணி கட்டியதைத் தொடவேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.